நீங்கள் குதிகாலைத்தானே கேட்டீர்கள்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் காரைக்குடியில் எந்த பிசியோதெரபிஸ்டைக் கேட்டாலும் குதிகால் வலியைப் பற்றித்தான் சொல்வார். பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்பிய கால்கள் வரிசையாக எங்கள் வாசலுக்கு வரும். பெரும்பாலானவை ஐஸ் ஒத்தடம், கெண்டைக்கால் பயிற்சி, நல்ல செருப்பு, சில வார ஓய்வு என்று ஆறிவிடும். பல ஆண்டுகளாக இதையே பார்த்து என் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. குதிகாலைப் பிடித்ததும் விரல் தானாகவே வழக்கமான இடத்துக்குப் போய் அழுத்தும். அந்தப் பழக்கத்தால் ஓர் ஓட்டப்பந்தய வீராங்கனைக்கு எட்டு மாதங்கள் வீணாயின. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவளுக்கு அப்போது 21 வயது. 5,000 மீட்டர் ஓடுபவள். ஊர், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அவள் தந்தை அங்கே ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலுமாக இருப்பவர்கள். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறந்தால்தான் உண்டு. மற்ற நாட்களில் இந்தக் குடும்பம்தான் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வருகிறது. விடியும் முன்பே கண்மாய்க் கரையில் ஓடத் தொடங்கிவிடுவாள்.

முதல் முறை வந்தபோது வலது குதிகால். ஓடுகிற பெண்ணுக்குக் குதிகால் வலித்தால் காரணம் தேடவே வேண்டாம் என்று நினைத்தேன். ஷூவை மாற்றச் சொன்னேன், டேப் ஒட்டினேன், மூன்று வாரம் ஓடக்கூடாது என்றேன். அந்த மூன்று வாரத்தில் வலி குறைந்திருக்க வேண்டும். கூடியது. ஓடாமல் இருந்தால்தான் மேடம் அதிகமாக வலிக்கிறது என்று அவள் சொன்னாள். போட்டிக்குப் போகிற எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து இடது குதிகால். பிறகு புட்டத்தில் வலி, ஒரு வாரம் வலப்பக்கம், மறுவாரம் இடப்பக்கம். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்ததால் மறுபக்கத்துக்குச் சுமை கூடிவிட்டது என்று அதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது.

எட்டாவது மாதம் தந்தையும் உடன் வந்தார். அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், நான் தண்ணீர் குடிக்க வந்தபோது எழுந்து நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்: “டாக்டரம்மா, பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வளவு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. காற்று பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்கிறது எங்கள் ஆத்தா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

உள்ளே போய் அவளைக் கேட்டேன். மூன்று மணிக்கு மேல் படுக்க முடிவதில்லையாம். இடுப்பு இறுகிப்போகுமாம். ஆத்தங்குடிக் கல் தரையில் முதல் சுற்றைத் தூணைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பாளாம். இருபது சுற்றில் கொஞ்சம் இளகும், நாற்பது சுற்று ஆனால் மறுபடி படுக்கலாம் என்றாள். எழுந்த பிறகும் ஒரு மணி நேரம் உடம்பு வளையாது. ஓடத் தொடங்கி இரண்டு கிலோமீட்டர் போனால் எல்லாம் விட்டுப்போகும். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் குதிகாலைத்தானே கேட்டீர்கள்” என்றாள்.

உண்மைதான். எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். எப்போது வலிக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அடிபட்டோ அதிகமாக உழைத்தோ வருகிற வலி, வேலை கொடுத்தால் கூடும், ஓய்வெடுத்தால் தணியும். அழற்சியால் வருகிற மூட்டுவாதம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நிற்கும். பொதுவாக 45 வயதுக்குள், எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல வரும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது முதுகெலும்பு மூட்டுவாதமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். அதன் முற்றிய வடிவம்தான் பலரும் கேள்விப்பட்டிருக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.

குதிகாலுக்கும் முதுகெலும்புக்கும் என்ன தொடர்பு என்று அவள் தந்தை கேட்டார். நல்ல கேள்வி. நம் ஊரில் நரம்பு என்று சொல்கிறோமே, அது பல நேரம் நரம்பே அல்ல, தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் இந்த நோயில் தவறிப்போய், தசைநாரும் எலும்பும் சேரும் இடங்களைத் தாக்குகிறது. குதிகாலில் பெரிய தசைநார் வந்து பதிகிற இடம் அதற்கு விருப்பமான இடங்களில் ஒன்று. முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டு இன்னொன்று. புட்டத்தில் வலி பக்கம் மாறி மாறி வந்ததற்கு அதுதான் காரணம்.

மதுரையில் ஒரு மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பினேன். எலும்பு மருத்துவரைச் சொல்லவில்லை, ருமட்டாலஜிஸ்ட் என்று தனியாக இருக்கிறார்கள். எக்ஸ்ரே சரியாக இருந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் சரியாக இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய ஆண்டுகள் ஆகலாம். சிஆர்பி கூடாமலே நோய் இருக்கலாம். முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் அந்த மூட்டின் எம்ஆர்ஐ படத்தில்தான் எலும்புக்குள் நீர்கோத்திருந்தது தெரிந்தது. எச்எல்ஏ பி27 என்ற மரபணுவும் இருந்தது. ஆனால் அந்தப் பரிசோதனையை மட்டும் எடுத்துப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பெண்களுக்கு இது வராது என்ற பழைய நம்பிக்கையும் தவறு. அந்த நம்பிக்கையால் பெண்களுக்குத்தான் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது.

இனி ஓடவே முடியாதா என்று தந்தை கேட்டபோது மைக்கேல் ஆதர்ட்டனைப் பற்றிச் சொன்னேன். இதே நோய் உள்ள, இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன். 1995-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தோல்வியின் விளிம்பிலிருந்த அணிக்காக 643 நிமிடம் களத்தில் நின்று, 185 ரன்னோடு ஆட்டமிழக்காமல் திரும்பியவர். ஆதர்ட்டன் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

முதலில் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள். இரண்டு வகை கொடுத்துப் பார்த்தும் போதவில்லை என்றானதும் அடாலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் எடுக்க வேண்டும். நம் நாட்டில் பலர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஊசி எதிர்ப்பாற்றலை அடக்கும்போது அது விழித்துக்கொள்ளலாம். இதே மருந்தை இந்திய நிறுவனங்களும் தயாரிப்பதால் விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அதுவும் பெரிய தொகைதான். ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் ஆச்சி தன் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஒதுக்கி, யாரும் தொடக்கூடாது என்று பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறார். கரண்ட் போனால் அவரே ஆளனுப்பிச் சொல்கிறார்.

போட்டியில் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலை நம் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவும் பின்பற்றுகிறது. அதன்படி போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை கூடாது. 2022 முதல் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்து, எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் அந்தக் காலத்தில் தடைதான். 2024 முதல் டிரமடால் வலி மாத்திரைக்கும் போட்டிக் காலத்தில் தடை உண்டு. டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைகளுக்கும் அடாலிமுமாபுக்கும் தடை இல்லை. பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. ஸ்டீராய்டு தவிர்க்க முடியாதென்றால் மருத்துவர் சான்றோடு முன்கூட்டியே விலக்கு கேட்கலாம். பெயர் அச்சிடாத பொட்டலத்தில் வருகிற மூட்டுவலி மாத்திரையைத் தயவுசெய்து வாயில் போடாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று சொல்லி, முகம் வீங்கிய நிலையில் என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர்களில் அந்தப் பொட்டலங்களில் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டுதான்.

ஊசி தொடங்கிய நான்காவது மாதம் அவள் பழைய வேகத்துக்கு வந்தாள். அப்போதுதான் இரண்டாவது தவறு நடந்தது, இந்த முறை எதிர்ப்பக்கமாக. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. எல்லாம் இந்த வாதம்தான், ஓடினால் சரியாகிவிடும் என்று பத்து நாள் ஓடியிருக்கிறாள். நொண்டிக்கொண்டு வந்தவளின் எலும்பில் விரல் வைத்தபோது, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள இடத்தில் மட்டும் துள்ளினாள். அந்தக் காலால் ஒருமுறை குதி என்றேன், முடியவில்லை. காலையில் வலி இல்லை, ஓட ஓடக் கூடுகிறது என்றாள். அது எலும்பில் விழுந்த நுண்விரிசல், ஸ்டிரெஸ் ஃபிராக்சர். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் தெரியாமல் போகலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுத்து உறுதி செய்தோம்.

இந்த முறை கால் கேள்வியோடு நிறுத்தவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். வாதத்துக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல, உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, கறி என்று ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறாள். வாரத்துக்கு 70 கிலோமீட்டர் ஓடும் பெண் ரசஞ்சோறும் கஞ்சியும் மட்டும் சாப்பிட்டு வந்திருக்கிறாள். மாதவிடாய் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. ஓட்டக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அப்படி இருக்கவே கூடாது. உணவு போதாதபோது உடல் மாதவிடாயை நிறுத்துகிறது, கூடவே எலும்பும் மெலிகிறது. அழற்சி நோயும் தன் பங்குக்கு எலும்பின் வலுவைக் குறைக்கிறது. இந்த மூட்டுவாதத்தைப் பருப்பும் முட்டையும் கூட்டுவதில்லை. தாய்மார்களே, ஓடுகிற பெண் பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

எட்டு வாரம் ஓடவில்லை. சும்மாவும் இருக்க முடியாது, அசையாமல் இருந்தால் இடுப்பு இறுகும். குளிக்கிற ஊரணியில் தம்பி கரையில் நிற்க நீந்தினாள். தினமும் பதினைந்து நிமிடம் குப்புறப் படுத்தாள், நெஞ்சு விரிய மூச்சிழுத்தாள், முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி செய்தாள். முட்டையும் பருப்பும் தட்டுக்குத் திரும்பின. மூன்றாவது மாதம் மாதவிடாய் வந்தது.

அப்போதுதான் அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு, இரவில் எழுந்தாயா, வலி ஒரு புள்ளியிலா பல இடத்திலா, ஓட ஓடக் குறைகிறதா கூடுகிறதா. இவ்வளவுதான். விறைப்பு நீண்டு, பல இடத்தில் வலித்து, நடமாடினால் இளகினால் மூட்டுவாத நிபுணரிடம் பேச வேண்டும். ஒரே புள்ளியில் குத்தி, ஓட ஓடக் கூடினால் அன்றே நிறுத்திவிட்டு என்னிடம் வர வேண்டும். இந்த இரண்டிலும் சேராத ஒன்றை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுத வைத்தேன்: ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவர். இந்த நோய் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருந்தால் பார்வைக்கு ஆபத்து.

போன வாரம் நோட்டைக் கொண்டுவந்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது: விறைப்பு 10 நிமிடம். இரவில் எழவில்லை. கண்மாய்க் கரை 8 கி.மீ. இரண்டு முட்டை. ஆச்சி வீட்டில் ஊசி இன்னும் ஒன்று இருக்கிறது.