பட்டை ஏற்றினால் பிக்கப் லாரி ஆகுமா?

திருநெல்வேலிச் சீமையில் பழைய டீசல் பிக்கப் வாங்குகிறவர், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றிய கையோடு போகிற இடம் பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டறைதான். "ரெண்டு பட்டை சேத்துப் போட்டுருவோம் அண்ணாச்சி, மூணு டன் அசால்ட்டா தாங்கும்" என்பார்கள். பட்டை என்பது, சுமையைத் தாங்கப் பின்பக்கம் அடுக்கிக் கட்டியிருக்கும் வளைந்த எஃகுத் தகடு, அதாவது லீஃப் ஸ்பிரிங். வேலை முடிந்ததும் வண்டியின் பின்பக்கம் நாலு விரல் உயர்ந்து நிற்கும். வாங்கியவருக்கும் திருப்தி. ஆனால் அந்த வண்டி தாங்கும் எடை உண்மையில் கூடியிருக்கிறதா என்று கேட்டால், பட்டைக்கு மட்டும் கூடியிருக்கிறது என்பதுதான் பதில்.

முதலில் சுமையைப் பார்ப்போம். களக்காட்டு வாழைத்தாரை அடுக்கினால் எடை வரம்பைத் தொடுவதற்குள் உயரம் இடிக்கும். எம்-சாண்ட் அப்படியில்லை. தொட்டி 8 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 66 கன அடி. ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. ஈரத்தைப் பொறுத்து அது நாலரை டன்னுக்கு முன்பின் இருக்கும். ஆக, தொட்டி விளிம்பு வரை மணல் கொட்டினால் 3 டன். வண்டியின் சுமை வரம்போ ஒன்றேகால் டன், மிஞ்சினால் ஒன்றரை. கும்பாரமாகக் கூடக் கொட்டவில்லை, அதற்குள் சுமை இரண்டு மடங்கு. ஓட்டுபவர் கண்ணுக்கு எதுவும் மிகையாகத் தெரியாது.

இப்போது பட்டைக்கு வருவோம். ஒரே அகலம், ஒரே தடிமன் கொண்ட ஆறு பட்டைகள் உள்ள ஓர் அடுக்கில் அதே நீளத்தில் இன்னும் இரண்டு சேர்த்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். எண்ணிக்கைக்கு நேர் விகிதம், அவ்வளவுதான். தடிமன் விஷயம் வேறு. விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பழைய லாரியிலிருந்து கழற்றிய தடித்த பட்டையை இடையில் செருகும் பழக்கம் வந்தது.

அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கட்டாக இருக்கும் பட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரே அளவுதான் வளைய முடியும். ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் மேற்பரப்பில் இழுவிசை அதிகம். எனவே கூட்டத்தில் எது தடியோ அதுதான் முதலில் சோர்ந்து விரிசல் விடும். பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையில்தான் தொடங்கும். துளை இருக்கிற இடத்தில் இரும்பு குறைவு, விசை குவிவது அதிகம். அப்புறம், சில பட்டறைகளில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி வளைவு ஏற்றுவார்கள். ஸ்பிரிங் எஃகின் துள்ளல் அதன் வெப்பப் பதத்தில் இருக்கிறது. காய்ச்சிய பிறகு எண்ணெயில் குளிரவைத்து மறுபடி பதம் பார்க்காவிட்டால், அந்தப் பட்டை சில மாதங்களில் தொங்கிவிடும். அல்லது உடைந்துவிடும்.

இதெல்லாம் பட்டை உடைவது பற்றி. உடையாத பட்டைதான் எனக்கு அதிகம் கவலை தருவது.

கம்பெனி பட்டையோடு வந்த வண்டியில் அளவுக்கு மேல் ஏற்றினால் பின்பக்கம் தாழும். ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) மேலேறி, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை முட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் 'டங்கு டங்கு' என்று சத்தம் கேட்கும். அது வண்டி தரும் எச்சரிக்கை. பட்டை ஏற்றியதும் அந்தச் சத்தம் நின்றுவிடும், மூன்று டன்னிலும் வண்டி நிமிர்ந்து நிற்கும். சுமை குறையவில்லை, சொல்ல ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

பல பிக்கப்களில் இன்னொரு கருவியும் உண்டு. மெக்கானிக்குகள் எல்எஸ்பிவி என்பார்கள், சுமையை உணர்ந்து பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு. சேஸிஸில் வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்கு. சுமை ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி அசையும், பின்சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். காலி வண்டியில் அதே அழுத்தம் போனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. வால்வுக்கு எடை தெரியாது, சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளிதான் தெரியும். பட்டை ஏற்றி இடைவெளியை உயர்த்திவிட்டால், மூன்று டன் மணலோடு போகும்போதும் அது வண்டி காலி என்றே நினைத்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பின்பக்கம் பாதி வேலைதான் செய்யும். பட்டை மாற்றினால் இந்தக் கம்பியையும் அளந்து சரிசெய்ய வேண்டும். கம்பி துருப்பிடித்துப்போனதென்று கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளும் ஓடுகின்றன.

சரி, பட்டை தாங்கிவிட்டது. சுமை அடுத்து எங்கே போகிறது? பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் வழியாக, ஆக்சிலின் வெளிக்குழாயான ஹவுசிங்குக்கு, அங்கிருந்து பேரிங்குக்கு, பிறகு சக்கரத்துக்கு. பிக்கப்புக்கும் லாரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இலகு ரகப் பிக்கப் பலவற்றில் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டின் நுனியிலேயே மாட்டியிருக்கும். வண்டியின் எடையைத் தாங்குவதும் சக்கரத்தைச் சுழற்றுவதும் அந்த ஒரே ஷாஃப்ட். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு முறை மேலும் ஒரு முறை கீழுமாக வளைகிறது. லாரியில் ஹவுசிங் குழாயின் மேல் இரண்டு பேரிங்குகள், அவற்றின் மேல் சக்கரம் மாட்டும் ஹப். எடை முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவி எடுக்கலாம், வண்டி அப்படியே நிற்கும். முதல் வகையில் ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே வண்டியை விட்டுப் போய்விடும்.

எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகப்பில் வட்டமாக போல்ட்டுகள் இருந்தால் அது லாரி வகை. பழைய வண்டியை நிஜமாகவே கனரக வேலைக்கு மாற்ற நினைப்பவர் ஸ்பிரிங் பட்டறைக்குப் போகும் முன் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது. அகலமான டயருக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் போட்டால் நிலைமை இன்னும் மோசம். எடை பேரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, வளைக்கும் விசை அவ்வளவு கூடும்.

டயரின் பக்கச்சுவரில் ஓர் எண் இருக்கும். சுமைக் குறியீடு 100 என்றால் அந்த டயர் 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ தாங்கும். இரண்டு பின் டயரும் 112 என்றால் பின் ஆக்சில் மொத்தம் 2,240 கிலோ. இதில் வண்டியின் சொந்த எடையும் சேர்த்தி.

சேஸிஸ் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சேஸிஸ் நீளவாக்குச் சட்டம் வளையும்போது அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிக விசையைச் சுமக்கின்றன; நடுப்பகுதியில் விசை குறைவு. துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ நடுப்பகுதியில் இருந்தால் பிழைக்கும். விளிம்பின் குறுக்கே ஒரு கோடு வெல்டிங் வைத்தால், விரிசல் எங்கே தொடங்க வேண்டும் என்று நாமே கோடு போட்டுக் கொடுத்ததாகிவிடும். தொட்டியைப் பின்னால் நீட்டிக் கட்டுபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். இரு ஆக்சில்களுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 500 கிலோ வைத்தால், முன் சக்கரத்திலிருந்து 100 கிலோ எடை கழிந்து பின்னுக்குப் போகும். பின் ஆக்சிலுக்கு 600 கிலோ. ஸ்டியரிங் லேசாகிவிட்டதே என்று டிரைவர் சந்தோஷப்படுவார்.

எஞ்சினுக்கு வருவோம். "இழுவை பத்தலை" என்ற குறைக்கு நம் ஊரில் வழக்கமான வைத்தியம் டீசல் பம்பைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது. உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும்? சரக்கோடு 3 டன் எடையுள்ள வண்டி, பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 37 குதிரைத்திறன் போதும். வழியில் கியரும், பின் ஆக்சிலில் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனும் தின்பதைச் சேர்த்தால் நாற்பத்துச் சொச்சம். பழைய 2,523 சிசி மஹிந்திரா டிஐ எஞ்சினே அறுபதுக்கு மேல் தரும். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிற எஞ்சினில் பற்றாக்குறை பெரும்பாலும் கியர் விகிதத்தில்தான். 41 பல் கிரௌனுக்கு 9 பல் பினியன் இருந்த இடத்தில் 8 பல் பினியன் வரும் ஜோடியைப் போட்டால், சக்கரத்துக்குப் போகும் திருகுவிசை எட்டில் ஒரு பங்கு கூடும். நாற்கரச் சாலையில் உச்ச வேகம் அதற்கேற்பக் குறையும். அதே நேரம் பெரிய டயரும் போட்டுவிட்டால் கிடைத்தது கைவிட்டுப் போகும்.

பம்பை ஏற்றுவதில் என்ன நடக்கிறது? ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே சீராகக் கலப்பதில்லை. ஆகவே நடைமுறையில் அதைவிடக் கூடுதலான காற்று இருந்தால்தான் புகை வராது. பம்ப் டீசலைக் கூட்டும், காற்றைக் கூட்டாது. எரியாத கரி கறுப்புப் புகையாக வரும். எரிவது தாமதமாகி வால்வையும் பிஸ்டனையும் சுடும். பிஸ்டன் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கலவையோ அதற்கு வெகு முன்பே வலு இழந்துவிடும். காற்றைக் கூட்டுவதற்குத்தான் டர்போ. அதைப் போடுவதானால் ஆயில் லைன், ரேடியேட்டர், கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஏறுவதற்குப் பொறுமை இருந்தால் சின்ன எஞ்சின் போதும். இறங்குவதற்கு அப்படி ஒரு சலுகை இல்லை. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும் சாலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். 3 டன் வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 29 மெகாஜூலுக்கு மேல். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எழுபது முறை பிரேக் பிடித்து நிறுத்துவதற்குச் சமம், அதுவும் ஆற நேரமில்லாமல். பிரேக் டிரம் சூட்டில் விரியும், ஷூவிலிருந்து விலகும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். புதிய டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்த பழைய ஆயிலுக்கு அது 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி. குமிழி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்பது டிரைவர்களின் பழைய பாடம். ஆனால் டீசல் எஞ்சின் இதில் பலர் நினைப்பதைவிட பலவீனமானது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் தட்டு மூடி வெற்றிடம் உண்டாகும், அது பிஸ்டனைப் பிடித்து இழுக்கும். பழைய டீசலில் திராட்டிலே கிடையாது. அமுக்கிய காற்று அடுத்த கணமே பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது; மிஞ்சுவது உராய்வின் தடை மட்டும். லாரிகளில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருப்பது இதனால்தான். வெற்றிடம் இல்லாத இன்னொரு விளைவு: பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சின் சுழற்றும் தனி பம்ப் தருகிறது, பல பிக்கப்களில் டைனமோவின் முதுகிலேயே அது இருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கினால், சில மிதிகளுக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

ஆகவே பழைய பிக்கப்பில் பணம் போடுவதென்றால் என் வரிசை இது: புது பிரேக் லைனிங், ஆயில், வெற்றிடப் பம்ப், பிறகு ரேடியேட்டரும் கிளட்ச்சும், அப்புறம் சுமைக் குறியீடு சரியான டயர், தேவைப்பட்டால் கிரௌன் பினியன். பட்டை கடைசி, அதுவும் உடைந்ததற்குப் பதிலாக அதே அளவில். ஒன்றரை டன் வண்டி மூன்று டன் வண்டி ஆகாது. ஒன்றரை டன்னைத் தினமும் எந்த ஏற்றத்திலும் அலுக்காமல் சுமக்கும் வண்டியாக ஆகும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. கூடுதல் சுமைக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், மேலதிக டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. சாலைக்கு ஆகும் சேதம் இதைவிடக் கடுமையான கணக்கில் ஏறும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பிறந்த தோராய விதி, சேதம் ஆக்சில் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்கிறது. ஒன்றரை மடங்கு எடைக்கு ஐந்து மடங்கு சேதம்.

பட்டை ஏற்றிய வண்டி கையில் இருந்தால் கண்ணை நம்ப வேண்டாம், எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி முன்னால் நகர்த்தி இன்னொரு சீட்டு. இரண்டாவது சீட்டில் இருக்கும் எண்ணைப் பின் டயர்களின் கூட்டுச் சுமையோடும் ஆர்.சி.யில் போட்டிருக்கும் பின் ஆக்சில் எடையோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணுக்கு நம்பிக்கை வர வேண்டுமானால் மேடையும் அதன் முன்னாலுள்ள தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும்.