அபார்தைட்: நிறவெறியா, இன ஒதுக்கலா?

தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு மக்களை இனவாரியாகப் பிரித்துவைத்த ஆட்சிமுறைக்குப் பெயர் அபார்தைட். அது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சிலிருந்து கிளைத்த மொழி அது. ‘அபார்ட்’ என்றால் தனியாக, விலகி என்று பொருள்; பிரெஞ்சிலிருந்து டச்சு வழியாக வந்தது. ‘ஹைட்’ என்ற பின்னொட்டு, நம் ‘மை’ விகுதியைப் போலப் பண்புப்பெயரை ஆக்குவது. உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் ‘தனிமை’ என்றே வரும். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆட்சியில் இருந்தவர்களுக்கும் அந்தச் சாதுத்தனம்தான் வேண்டியிருந்தது. பிற்பாடு ‘தனி வளர்ச்சி’ என்று பெயரை மாற்றினார்கள்; பிரதமர் ஃபெர்வூர்ட் இதை நல்ல அண்டைவீட்டார் உறவு என்றே விளக்கினார்.

1948 தேர்தலில் மலான் தலைமையிலான தேசியக் கட்சி இந்தச் சொல்லை முன்வைத்து வென்றது. பிறகு வந்தவை வரிசையாகச் சட்டங்கள்: 1949இல் கலப்பு மணத் தடை, 1950இல் மக்கள் பதிவுச் சட்டமும், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டமும், 1953இல் கறுப்பினத்தாருக்கான பாண்டு கல்விச் சட்டம். இவற்றுள் ஆணிவேர் மக்கள் பதிவுதான். வெள்ளையர், கலப்பினத்தார், கறுப்பர் என்று ஒவ்வொருவரும் பதியப்பட்டனர். இந்தியர் பின்னர் தனிப் பிரிவானார்கள். எங்கே வசிக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அந்தப் பதிவு முடிவு செய்தது. ஐயம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்ததும் உண்டு: நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. ஒரே வீட்டு உடன்பிறப்புகள் வேறுவேறு இனமாகப் பதியப்பட்டார்கள்.

நம் நாளிதழ்கள் இதற்கு ‘நிறவெறி’ என்று எழுதிப் பழகிவிட்டன. கண்டனத்துக்கு அது நல்ல சொல், விளக்கத்துக்குப் போதாது. வெறி என்பது மனிதரின் மனத்தில் இருப்பது. பென்சிலைச் செருகிய குமாஸ்தாவுக்கு வெறி இருந்திருக்க வேண்டியதில்லை, படிவத்தை நிரப்பினால் போதும். அந்த அரசு இயந்திரத்தைச் சுட்ட ‘இன ஒதுக்கல்’ என்பதே பொருந்தும். ‘ஒதுக்கீடு’ என்பதோடு குழம்பாதா என்று கேட்பார்கள். ஒதுக்கீடு ஒருவருக்கென்று எடுத்துவைப்பது; ஒதுக்கல் ஒருவரை விலக்கிவைப்பது. ‘ஊரை விட்டு ஒதுக்கினார்கள்’ என்று பேசும் மொழிக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ‘இனவாதம்’ வேண்டாம், இலங்கை வழக்கில் அது இனப் பகைமை அரசியலைக் குறித்து வேரூன்றிவிட்டது.

வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம், 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டதை அபார்தைட் என்பது. அது அதற்கு முந்தைய காலனியப் பாகுபாடு. இந்தப் பெயரில் அரசுக் கொள்கை வந்தது 1948க்குப் பிறகே. இன்னொன்று, மண்டேலா சிறைக்கதையோடு பாடத்தை முடித்துவிடுவது. கெட்ட சிலர், நல்ல ஒருவர் என்று மட்டுமே பிள்ளைகள் மனத்தில் தங்கும். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு பதிவு, வீடு, பள்ளி, வேலை, திருமணம் என்ற வரிசையில் எந்தச் சட்டம் எங்கே குறுக்கிட்டது என்று கேட்பது மேல். டர்பன் தமிழர்கள் நல்ல எடுத்துக்காட்டு: குழுப் பகுதிகள் சட்டத்தால் பலர் வீட்டை விட்டுக் கிளப்பப்பட்டு, இந்தியருக்கென்று கட்டப்பட்ட சாட்ஸ்வர்த்தில் குடியமர்த்தப்பட்டார்கள்.

பாண்டு கல்விச் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கலாம். கறுப்பினப் பிள்ளைகளைக் கூலி வேலைக்குத் தயாரிக்கும் பாடத்திட்டம் அது. பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸில் நடத்த வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து, 1976 ஜூன் 16 அன்று, ஜொகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், காவல்துறை சுட்டது. இந்த அமைப்புக்குப் பெயர் தந்த மொழியையே வகுப்பறையில் திணிக்கப் பார்த்தார்கள் என்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள்.

ஜொகன்னஸ்பர்க்கின் அபார்தைட் அருங்காட்சியகம் அந்த இனப் பதிவையே வாசலில் செய்துகாட்டுகிறது. வெள்ளையர், வெள்ளையரல்லாதார் என்று நுழைவுச்சீட்டு குருட்டாம்போக்கில் கிடைக்கும். கூட வந்தவர் வேறு வாசலால் போக நேரும்.

எழுதும்போது, சட்டமும் ஆட்சிமுறையும் பேச்சென்றால் ‘இன ஒதுக்கல்’, தனிமனிதரின் வெறுப்பு என்றால் ‘நிறவெறி’. முதல் முறை வரும் இடத்தில் ‘அபார்தைட் என்னும் இன ஒதுக்கல்’ என்று சேர்த்தெழுதினால் குழப்பம் வராது.