கொய்யாவா பக்கோடாவா: நம் தேர்வு எவ்வளவு சீரானது என்பதை அளப்பது எப்படி?

ஒருவர் தினமும் ஒரு பழம் சாப்பிடுகிறார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு பழத்தைச் சாப்பிட்டுவிட்டு மற்ற ஆறு நாளும் பக்கோடாவில் ஓட்டுகிறார். வாரச் சராசரி போட்டால் இருவருக்கும் ஒரே எண்தான் வரும். அமெரிக்க வேளாண்மைத் துறை 1995-ல் கொண்டுவந்த ஆரோக்கிய உணவுக் குறியீடு மாதிரி, சாப்பாட்டுக்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் அளவுகோல்கள் உணவின் தரத்தைச் சொல்லும். ஆனால் சாப்பிடுகிறவர் எவ்வளவு சீராகத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அந்த எண்ணில் தெரியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

தினமும் என்ன சாப்பிட்டோம் என்று எழுதச் சொல்லலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 29 பேர் ஒரு வருடம் முழுக்க, 365 நாளும், அப்படி எழுதினார்கள். 1987-ல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, தனி ஒருவர் வழக்கமாக எவ்வளவு கலோரி எடுக்கிறார் என்று ஓரளவு சரியாகச் சொல்லவே சராசரியாக 31 நாள் குறிப்பு தேவை. வைட்டமின் ஏ-க்கு 433 நாள், அதாவது ஒரு வருடத்துக்கும் மேல்! ஏனென்றால் அது ஈரல், கேரட், கீரை என்று சில உணவுகளில்தான் குவிந்து கிடக்கிறது. இன்று கீரை சாப்பிட்டால் எக்கச்சக்கம், நாளை இல்லையென்றால் சொற்பம். ஒரே ஆளின் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது. தவிர, நொறுக்குத் தீனியை எழுத விட்டுவிடுவது எல்லோருக்கும் நடக்கும்.

ஆகவே சில ஆய்வாளர்கள் டைரியை விட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு கணத்தையே அளக்க ஆரம்பித்தார்கள். அப்போது முதலில் தீர்க்க வேண்டியது, சீராக என்றால் எதோடு சீராக என்பது.

பொருளாதாரக்காரர்களுக்கு அது தர்க்கம் சார்ந்த விஷயம். கையில் இருக்கும் காசுக்கு இரண்டும் கிடைக்கும்போது அ-வை விட்டு ஆ-வை எடுத்தவர், அதே நிலைமையில் இன்னொரு முறை ஆ-வை விட்டு அ-வை எடுத்தால் முரண். இதை வைத்து 7 வயது, 11 வயதுப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவர்களையும் சிப்ஸ், ஜூஸ் கொடுத்துச் சோதித்த ஒரு ஆய்வு 2001-ல் வந்தது. 11 வயதுக்குள்ளேயே பிள்ளைகள் கல்லூரி மாணவர்கள் அளவுக்குச் சீராகிவிடுகிறார்கள். அழகான முறைதான், ஆனால் எந்நேரமும் சிப்ஸ் மட்டுமே எடுக்கிறவருக்கும் இதில் முழு மதிப்பெண் கிடைக்கும். நமக்கு வேண்டியதில் பாதிதான் இது.

மீதிப் பாதியைப் பிடித்தது கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் டாட் ஹேர், காலின் கேமரர், அந்தோனியோ ராங்கெல் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு. டயட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு 50 உணவுகளின் படத்தைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு ருசி என்று ஒரு சுற்று, எவ்வளவு ஆரோக்கியம் என்று தனியாக இன்னொரு சுற்று, இரண்டுக்கும் மதிப்பெண் போடுவது அவர்களேதான். அப்புறம், அந்த ஆள் ருசியிலும் ஆரோக்கியத்திலும் நடுத்தரம் என்று சொன்ன ஒரு உணவை எடுத்து வைத்துக்கொண்டு, அதுவா இதுவா என்று மற்ற எல்லாவற்றோடும் மோதவிட்டார்கள். கடைசியில் ஏதோ ஒரு சுற்றில் தேர்ந்தெடுத்ததை உண்மையிலேயே சாப்பிட்டாக வேண்டும், அதனால் சும்மா நல்ல பிள்ளையாக நடிக்க முடியாது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, அளவுகோல் அந்த ஆளிடமிருந்தே வருகிறது என்பது. எது நல்ல உணவு என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. ருசியானது, ஆனால் உடம்புக்கு ஆகாது என்று அவரே சொன்னதை அவர் எத்தனை முறை மறுக்கிறார், ருசியில்லை ஆனால் நல்லது என்று சொன்னதை எத்தனை முறை எடுக்கிறார் என்பதை எண்ணினால் போதும். மூளை ஸ்கேனில், சீராக மறுத்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. 2015-ல் ராங்கெல் குழுவே இன்னொன்றும் பார்த்தது: திரையில் உணவை நோக்கி மவுஸை நகர்த்தும்போது அது எந்த இடத்தில் வளைகிறது என்று கவனித்தால், ஆரோக்கியம் பற்றிய எண்ணம் கையை எட்டுவதற்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்பே ருசி எட்டிவிடுகிறது.

சரி, காலம்? இப்போது எடுப்பதும் அடுத்த வாரத்துக்கு என்று எடுப்பதும் ஒன்றா? ஆம்ஸ்டர்டாமில் அலுவலக ஊழியர்களிடம், அடுத்த வாரம் இதே நேரத்துக்கு என்ன நொறுக்கு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த நாள் வந்ததும், விருப்பம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பழம் சொன்னவர்களில் பலர் சாக்லேட் பக்கம் போனார்கள். 1998-ல் வந்த அந்த ஆய்வில் பசியும் கணக்கில் வந்தது: பசியோடு இருக்கும்போது கேட்டால், அடுத்த வாரத்துக்கான தேர்விலும் கொழுப்பும் இனிப்பும் ஏறியது.

மாறியதையெல்லாம் மனக்கட்டுப்பாடு இல்லாமை என்று எழுதிவிடக் கூடாது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டாலே மனிதர்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். 100 தேர்வில் 80 பழம், 20 சாக்லேட் என்று வைத்துக்கொள்வோம். சாக்லேட் பக்கம் இழுக்கும் எந்தச் சாய்வும் இல்லாமல், இரண்டு பக்கமும் பத்தில் ஒன்று தடுமாறினாலே 8 பழம் சாக்லேட்டாகும், 2 சாக்லேட் மட்டும் பழமாகும். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் சபலம் மாதிரி தெரியும், உண்மையில் அது தடுமாற்றம் மட்டும்தான். ஆகவே பழம் சொன்னவர்களில் எத்தனை சதவீதம், சாக்லேட் சொன்னவர்களில் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் சதவீதம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால்தான் சாய்வு என்று சொல்லலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் போடும் சீர்மை மதிப்பெண்ணை நம்பாதீர்கள்.

சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும், நல்ல மளிகைக் கடைகள் குறைவாக இருக்கும் பகுதிகளில், வீட்டுக்கே மளிகை கொண்டுபோய்க் கொடுத்து இதைச் சோதித்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. முன்கூட்டியே கூடையை நிரப்பச் சொன்னார்கள், பொருள் வீட்டு வாசலுக்கு வந்ததும் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வாசலில் மாற்றிய கூடையில் பழமும் காய்கறியும் குறைந்தன, கலோரி கூடியது. அடுத்து, இனி மாற்ற முடியாதபடி உங்கள் முதல் தேர்வையே பூட்டிவிடட்டுமா என்று கேட்டதற்குப் பாதிப்பேர் அளவில் சரி என்றார்கள். அவர்கள் அதிகம் மாற்றியவர்களாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக இருந்தது. பூட்டச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சீராக இருந்தவர்கள். அதிகம் சாய்ந்தவர்களுக்குத் தாங்கள் சாய்வது தெரியவில்லை போலிருக்கிறது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

அதனால் 'நீங்கள் சீராகச் சாப்பிடுகிறவரா' என்று ஒருவரிடமே கேட்டு வாங்கும் பதில் இந்த அளவீட்டுக்கு உதவாது. வீட்டில் பார்க்க நினைப்பவர்கள் நாளை மாலை நாலு மணிக்கு என்ன சாப்பிடப்போகிறோம் என்று முந்தின இரவே எழுதி வைத்து, மறுநாள் எடுத்ததைப் பக்கத்தில் எழுதி, அப்போது பசி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். சில வாரமாவது ஓட வேண்டும், இரண்டு மூன்று நாளில் தெரிவது தடுமாற்றமா சாய்வா என்று பிரித்துச் சொல்ல முடியாது.