லெட்ஜர்னா பேரேடு, சிட்டை இல்லீங்க

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் சின்ன கடைங்கள்ல கணக்கு இருக்கான்னு கேட்டா "லெட்ஜர்லாம் இருக்கு சார்"னு ஒரு நீள நோட்ட எடுத்து காட்டுவாங்க, தொறந்து பாத்தா தேதி போட்டு அன்னன்னிக்கு நடந்த வியாபாரம் வரிசையா எழுதிருக்கும், அவ்ளோதான். அதுக்கு பேரு சிட்டை. (பட்டா சிட்டால வர்ற சிட்டா வேற, அது நிலக் கணக்கு.)

லெட்ஜர்ங்கற இங்கிலீஷ் சொல்லு கிடக்கிறது, வைக்கிறதுங்கற அர்த்தமுள்ள வேர்லேர்ந்து வந்தது. ஒரே எடத்துலயே கிடக்கிற பெரிய புத்தகத்த அப்படி சொல்லி, பொறவு அது கணக்குப் புத்தகத்துக்கு பேரா நின்னுடுச்சு. தமிழ்ல சரியான சொல்லு பேரேடு. பேரூர், பேராறு மாதிரி பெருமை + ஏடு, பெரிய ஏடுன்னு பிரிக்கலாம். பேர் பேரா எழுதற ஏடுன்னு பிரிச்சாலும் அது செய்யற வேலைக்கு கச்சிதமா பொருந்துது. "என் பேர்ல எழுதிக்கங்க"ன்னுதான கடையில சொல்றோம்?

இந்த பேர் வாரி கணக்கு நம்ம ஊருக்கு புதுசும் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல, கோயில் காச வட்டிக்கு வாங்குன ஊர் சபை எது, எவ்ளோ வாங்குச்சு, வருஷத்துக்கு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 சதவீதம் வட்டி, இப்படி ஊர் ஊரா பிரிச்சு வெட்டி வச்சிருக்காங்க.

இப்ப ஒரு உரக்கடைய எடுத்துக்கங்க. குறுவைக்கு ஒருத்தர் 4 மூட்டை டிஏபி, மூட்டை 1,350 ரூபான்னு 5,400 ரூபாய்க்கு கடனா எடுக்கிறாரு, நடுவுல 2,000 கட்டுறாரு, மிச்சம் அறுப்பு முடிஞ்சுதான். சிட்டைல இது ரெண்டு வேற வேற தேதில, நூறு பேரோட கணக்குக்கு நடுவுல பொதைஞ்சு கிடக்கும். பேரேட்டுல அவருக்குன்னு ஒரு பக்கம், எடது பக்கம் பற்று 5,400, வலது பக்கம் வரவு 2,000, நிலுவை 3,400, அவரு வாசல்ல வந்து நின்ன உடனே சொல்லிடலாம். பற்றுன்னா வாங்குறது, அதான் சரக்கு வாங்குனவர் பக்கத்துல பற்று. அதே 5,400 விற்பனைங்கற பக்கத்துல வரவா விழும். ஆமா, வாடகை, கூலி, கரண்ட் பில்லு, ரொக்கம் இதுக்கெல்லாமும் தனித்தனி பக்கம் வேணும், பேர்னா ஆள் பேர் மட்டும்னு நெனச்சிடக் கூடாது. ஒரே தொகைய இப்படி ரெண்டு பக்கத்துல எழுதற ரெட்டைப் பதிவு முறைய 1494-ல வெனிஸ்ல லூக்கா பச்சோலிங்கற இத்தாலி கணக்கு அறிஞர் அச்சுப் புத்தகத்துலயே எழுதிட்டாரு.

சிட்டைலேர்ந்து பேரேட்டுக்கு கொண்டு போறதுக்கு பாடப் புத்தகத்துல எடுத்தெழுதுதல்னு பேரு. நம்ம கடைங்கள்ல விட்டுப் போறது இந்த ஒரு வேலைதான், ராத்திரி கடை சாத்தறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒக்காந்தா போதும். சிட்டைல அந்த வரி பக்கத்துல பேரேட்டு பக்க எண்ண போட்டுக்கங்க, எது ஏறுச்சு எது ஏறலைன்னு தெரிஞ்சிடும்.

சித்திரை ஒண்ணுக்கு மஞ்ச தடவி பிள்ளையார் சுழி போட்டு புதுக்கணக்கு தொடங்குறத விட்டுடாதீங்க, ஆனா வரிக்கு வருஷம் ஏப்ரல் 1-லயே பொறந்துடுது, அதனால மார்ச் 31 ராத்திரி நிலுவைய எல்லாம் புது பேரேட்டுக்கு ஏத்திடுங்க. டேலிங்கற கம்ப்யூட்டர் கணக்கு சாஃப்ட்வேர்ல போடறவங்களும் அங்க லெட்ஜர்னு கேக்கற எடத்துல இந்த பக்கங்களோட பேரதான் அடிக்கணும்.