சொட்டு மருந்து வேண்டாம் டாக்டரம்மா

"கண்ணாடி மட்டும் மாத்தித் தாங்க டாக்டரம்மா, சொட்டு மருந்து வேண்டாம். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்கா பீடி சுற்றுகிறவர். வயது 46. இலை வெட்டும்போது ஓரம் தெரியவில்லை, நூல் கட்டும்போது மங்குகிறது என்றார். ஒரே வருடத்தில் இரண்டு கண்ணாடி மாற்றியிருந்தார், இரண்டும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கியவை.

பவர் இப்படி அடிக்கடி மாறினால் எனக்கு முதலில் சுகர் மேல்தான் சந்தேகம் வரும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நீர்ச்சத்தும் மாறும், கூடவே பவரும் மாறிவிடும். அந்த நேரத்தில் எழுதிக் கொடுக்கிற கண்ணாடி, சுகர் இறங்கிய பிறகு உதவாது. விரலில் குத்திப் பார்த்தோம்: 342. "எங்க வீட்டுல யாருக்கும் சுகர் கிடையாதே" என்று திகைத்துப் போனார். பஸ் அடுத்ததும் வரும் அக்கா என்று சொல்லி, சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்தேன்.

அந்த மருந்து கண்ணின் பாவையை விரிக்கிறது. விரிந்த பாவை வழியே பார்த்தால் பின்னால் விழித்திரை தெரியும். நம் ஊரில் இதை 'நரம்பு பார்க்கிறது' என்பார்கள். உடம்பைக் கீறாமல், ஓடுகிற ரத்தக்குழாயை நேராகக் கண்ணால் பார்க்க இதைப் போல வேறு இடம் கிடையாது. 1851-ல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி செய்த ஒரு சின்னக் கருவிதான் இந்த வாசலைத் திறந்தது. இத்தனை வருடம் பார்த்த பிறகும், ஒவ்வொரு முறை அந்தச் செந்நிறப் பரப்பைப் பார்க்கும்போதும் எனக்கு வியப்புதான்.

அக்காவின் விழித்திரையில் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகி உப்பிய இடங்கள் அவை. பக்கத்தில் மஞ்சள் திட்டுகள், குழாயிலிருந்து கொழுப்பு கசிந்து படிந்தவை. இது ஒரு மாதத்தில் வருகிற மாற்றமில்லை. தெரியாமலேயே பல வருடம் சுகர் இருந்திருக்கிறது. கண்ணில் நுண்குழாய் கசிந்தால் சிறுநீரகத்தையும் விசாரிக்க வேண்டும். சிறுநீரைச் சோதித்தோம், புரதம் போயிருந்தது. கண்ணாடிக்கு வந்தவர் சிறுநீரக மருத்துவரிடம் போகிற சீட்டோடு திரும்பினார். கண்ணாடியை நான் அன்றைக்கு எழுதித் தரவில்லை. சுகர் அடங்கிச் சில வாரம் கழித்து வரச் சொன்னேன்.

என்னை மிகவும் வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. விழித்திரை கெட ஆரம்பித்த பிறகும், சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை ஒருவரால் வாசித்துவிட முடியும். 'பார்வை நல்லாத்தான் இருக்கு' என்பது நரம்பு நன்றாக இருப்பதற்குச் சாட்சியே இல்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை வாங்குகிற பலர் வருடத்துக்கு ஒருமுறை நரம்பு பார்க்க வருவதில்லை. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அங்கேயே ஒரு சாட்சி கிடைக்கும்.

ஆலங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: "கடை ஷட்டரை இறக்குன மாதிரி ஒரு கண்ணு இருட்டுச்சு. பத்து நிமிஷத்துல தானா ஏறிடுச்சு." மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனில் பாதிக்கு மேல் அடைப்பு. இது பக்கவாதத்துக்கு முந்திய எச்சரிக்கை. வலியில்லாமல் ஒரு கண் திடீரென்று இருட்டினால், திரும்பத் தெளிந்தாலும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொருவர் தென்காசியிலிருந்து வந்த இளம்பெண். தலைவலி, குனிந்தால் சில நொடி பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பார்வை நரம்பின் தலை இரண்டு கண்ணிலும் வீங்கியிருந்தது, அதாவது மண்டைக்குள் அழுத்தம். அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினோம், மூளையின் சிரையில் ரத்தக்கட்டி.

கண்ணின் நிற வளையத்தைப் படமெடுத்து, ஈரல், கிட்னி எல்லாவற்றையும் சொல்கிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். 1979-ல் அமெரிக்காவில் 143 பேரின் கண் படங்களைக் கொடுத்து அந்த முறையைச் சோதித்தார்கள். சிறுநீரக நோய் யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நரம்பு பார்க்க வரும்போது பைக் ஓட்டி வராதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள். நான்கைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயிலில் கூசும், அப்புறம் சரியாகிவிடும். மாத்திரையையும் சாப்பாட்டையும் தள்ளிப்போடாதீர்கள். பழைய சீட்டுகளை எடுத்து வாருங்கள். பணமில்லை என்று இருந்துவிடாதீர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது.

முக்கூடல் அக்கா மூன்று மாதம் கழித்து வந்தார். சுகர் 160-க்கு இறங்கியிருந்தது. கூடவே அவர் மதினியும் வந்திருந்தார். "இவளுக்கும் நரம்பு பாத்துருங்க டாக்டரம்மா. நாலு மணி பஸ் இல்ல, ஆறு மணி பஸ்லதான் போறோம்."