கேபினில் இரைச்சலா? முதலில் கீழே போய்ப் பாருங்கள்

பயணிகள் கப்பலில் ஒரு கேபினில் இரைச்சல் என்று புகார் வந்தால், "சுவருக்குள் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்து அடைக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதல் யோசனை. பல நேரம் அது வீண் செலவு. காரணம், இன்ஜின் இரைச்சல் மேல்தளங்களுக்குப் பெரும்பாலும் காற்று வழியாக வருவதில்லை. எஃகு வழியாக ஏறி வருகிறது. கேபின் பலகை அந்த அதிர்வை வாங்கி ஒலிபெருக்கி மாதிரி வெளியே விடுகிறது.

நான் பார்த்த ஒரு கப்பலில் ஜெனரேட்டர் நல்ல ரப்பர் மவுண்டுகளின் மேல்தான், அதாவது அதிர்வு கப்பல் எஃகுக்குப் போகாமல் தடுக்கும் தாங்கிகளின் மேல்தான், உட்கார்ந்திருந்தது. ஆனாலும் மூன்று தளம் மேலே ஒரு கேபினில் விடாத ரீங்காரம். குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே போனோம். குளிர்நீர்க் குழாயில் ரப்பர் பெல்லோஸ் இருந்தது, அதாவது அதிர்வைத் தாண்டவிடாத வளையும் இணைப்பு. அதற்கு முன்னால், இன்ஜின் பக்கத்திலேயே, ஓர் இரும்புக் கிளாம்ப் குழாயைக் கப்பல் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தது. ரிப்பேரின்போது யாரோ மாட்டியது. கை வைத்தால் முழங்கை வரை அதிர்ந்தது. மவுண்ட் தடுத்ததை எல்லாம் அந்த ஒரு கிளாம்ப் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. கழற்றினோம். மீட்டரோடு மேலே நின்றவர் வாக்கி டாக்கியில், "சார், இறங்கிடுச்சு" என்றார்.

புரொபெல்லர் அதிர்வு வேறு கதை. அதைக் கிளாம்பைக் கழற்றித் தீர்க்க முடியாது. 1935-இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியில் பின்பகுதிப் பயணிகளை அதிர்வு பாடாய்ப் படுத்தியது. அடுத்த ஆண்டுக்குள் மூன்று இலைப் புரொபெல்லர்களைக் கழற்றி, நான்கு இலை வைத்தார்கள். இதையெல்லாம் வரைபடத்திலேயே யோசிக்க வேண்டும்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரைச்சல் விதி, 10,000 கிராஸ் டன்னும் (கப்பலின் உள் கொள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களில் ஊழியர் கேபினுக்கு 55 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. பயணிகள் கேபின் அந்த விதிக்குள் வராது. அங்கே எவ்வளவு அமைதி வேண்டும் என்பதைக் கப்பல் கட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. பழைய கப்பல்களில் இன்ஜின் அறைக்குப் பக்கத்தில் தூங்கும் ஊழியருக்கோ இந்த 55-உம் இல்லை. வாட்ச் (பணி முறை) முடிந்து வருகிற அவருடைய தூக்கம்தான் எனக்குப் பெரிய கவலை.

அதனால் ஒவ்வொரு டிரை டாக் (கப்பலைத் தண்ணீரில்லாத தளத்தில் நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மவுண்ட் ரப்பரில் எண்ணெய் ஊறியிருக்கிறதா, பெயின்ட் அடித்துவிட்டார்களா, புதிதாக எந்தக் கிளாம்ப் முளைத்திருக்கிறது என்று டார்ச்சோடு பாருங்கள். பஞ்சு வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.