"ஃப்ரீயா இரும்மா" என்றால் ஃப்ரீ ஆகிவிடாது

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு உள்ளூர்ப் பெண்களே மாடலாக நிற்கிறார்கள். பெங்களூருக்கு போர்ட்ஃபோலியோ அனுப்ப நினைக்கும் பையன்களும் இங்குள்ள ஸ்டூடியோவுக்குத்தான் முதலில் வருகிறார்கள். பாலக்கோட்டிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ பஸ் ஏறி வந்தவரை உடனே லைட் முன்னால் நிறுத்தி "ஃப்ரீயா இரும்மா, சிரிம்மா" என்றால், தோள் இன்னும் மேலேறும். அந்தப் பதற்றத்தில் பாதி போட்டோகிராஃபர்களான நாம் உண்டாக்குவது.

மாடல் வருவதற்கு முன்பே உதவியாளரை நிறுத்தி லைட் பார்த்து முடித்துவிடுங்கள். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/8 என்று தொடங்கலாம். மாடலை நிறுத்திவைத்துக்கொண்டு கேமரா ஸ்க்ரீனைப் பார்த்து முகம் சுளித்தால், லைட்டில்தான் கோளாறு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தன் முகம்தான் சரியில்லை என்று எடுத்துக்கொள்வார். அதன்பின் அவரிடமிருந்து இயல்பான சிரிப்பு வருவது கடினம்.

புதியவருக்குப் பெரிய, மென்மையான லைட்தான் ஏற்றது. 120 செ.மீ. ஆக்டா பாக்ஸை (லைட்டை மென்மையாக்கும் எண்கோணத் துணிப்பெட்டி) ஒன்றேகால் மீட்டர் தூரத்தில், 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒளியைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போதும். சின்ன லைட்டாக இருந்தால் தலை லேசாகத் திரும்பினாலே மூக்கு நிழல் கன்னத்தில் விழும். "அசையாதீங்க" என்று சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு சொல்லில் உடம்பு விறைத்துவிடும்.

எல்லாப் படத்திலும் கண் மூடியிருந்தால் பயம் என்று முடிவு கட்டாதீர்கள். ஃப்ளாஷின் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் டிடிஎல் முறையில் ஃப்ளாஷ் முதலில் ஒரு சின்ன ஒளியை விட்டு அளவு பார்க்கும். சிலருக்கு அதற்கே இமை மூடிக்கொள்ளும். அளவை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாற்றிப் பாருங்கள்.

அரை உருவத்துக்கு ஃபுல் ஃப்ரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 85 எம்எம் லென்ஸ் வைத்தால் இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கலாம். 35 எம்எம்மோடு முகத்தருகே போனால் மூக்கு பெரிதாகும், அவரும் பின்வாங்குவார்.

கைகளுக்கு வேலை கொடுங்கள். சும்மா தொங்கும் கையில்தான் விரல்கள் இறுகும். முந்தி ஓரத்தைச் சரிசெய்வது, வளையலை நகர்த்துவது, சட்டைக் கையை மடிப்பது போதும். பின்காலில் எடை கொடுக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்து வாய்வழியே மெல்ல விடச் சொல்லி, விட்டு முடிக்கும் நொடியில் க்ளிக் செய்யுங்கள். தோள் அப்போதுதான் இறங்கியிருக்கும். இடது, வலது என்று சொன்னால் குழம்புவார்கள். நீங்களே எதிரில் நின்று செய்துகாட்டுங்கள். முதல் 20 படங்கள் பழக்கத்துக்கு என்று நினைத்து எடுங்கள். பிறகு நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டுங்கள்.

கொசுவமோ முந்தியோ கலைந்தால் போட்டோகிராஃபர் கை வைக்கவே கூடாது. அதற்கு ஒரு பெண் உதவியாளர் கட்டாயம் வேண்டும். உடை மாற்றும் அறையில் உள்தாழ்ப்பாள் இருக்கட்டும், செல்போன், கேமரா எதுவும் அங்கே வேண்டாம். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை உண்டு. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் படமெடுக்கும் ஃப்ளோரிலேயே உட்காரட்டும், வெளியே பெஞ்சில் அல்ல. படம் எந்தக் கடைக்கு, பேனருக்கா இன்ஸ்டாகிராமுக்கா, எத்தனை மாதம் என்பதை முதல் க்ளிக்குக்கு முன்பே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்று அவர் சொன்ன படத்தை அவர் கண்முன்னாலேயே கார்டிலிருந்து அழியுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் அங்கிருந்தும்.